மறைக்க வேண்டியதல்ல, மதிக்க வேண்டியதே!

(பட்டிமன்றத் தலைப்பு: வழுக்கை – மறைக்க வேண்டியதா? மதிக்க வேண்டியதா? இடம்: ஜலகண்டாபுரம். ‘மதிக்க வேண்டியதே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

எனக்கு முன்னாலே பேசி, தனக்குக் கொடுத்த ஏழு நிமிஷத்திலே ஆறு நிமிஷம் என் தலையையே பார்த்துப் பேசிய எதிரணி நண்பர் அவர்களே! தறியை நிறுத்திவிட்டு வந்து மண்ணிலே உட்கார்ந்திருக்கும் ஜலகண்டாபுரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

இந்தத் தலைப்புக்குப் பேச்சாளர் தேடினபோது, எங்கள் அணிக்கு என்னைத் தேர்ந்தெடுக்க நடுவர் ஐயா அரை நிமிஷம்கூட யோசிக்கலீங்க. ஆளைப் பார்த்ததும் ‘நீங்க இந்தப் பக்கம் உட்காருங்க’ன்னுட்டார். (சிரிப்பு) தொலைக்காட்சிக்காரர் ஒருத்தர் பவுடர் டப்பாவோட வந்தார். முகத்தை நீட்டினேன். ‘முகம் பரவாயில்லைங்க, தலையிலதான் லைட் அடிக்குது’ன்னார். (பலத்த சிரிப்பு)

எதிரணி நண்பர் ஒரு நல்ல வாதம் வைத்தார். இது நாடகம் வளர்ந்த ஊர். திராவிட இயக்க நாடக ஆசிரியர் ப. கண்ணன் இந்த ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னாலே சுமந்தவர். கூத்திலே ராஜா வேஷம் கட்டுகிறவன் டோப்பா வைக்கலையா, அதை யாராவது பொய் என்று சொன்னோமா என்று கேட்டார். சொல்லலை ஐயா. ஆனா கூத்து விடிஞ்சா முடிஞ்சுபோகும். அரிதாரத்தைக் கழுவிவிட்டு, டோப்பாவைக் கழற்றி மூட்டையிலே கட்டி, அவனும் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறான். நீங்க சொல்கிற வேஷத்தை எப்போ ஐயா கழற்றுவது? தலையிலேயே பச்சை குத்திக்கொள்ளச் சொல்றீங்களே, அந்தக் கூத்து எப்போ விடியும்? (கைதட்டல்)

முடி விஷயத்திலே நம்ம தமிழனுக்கு இருக்கிற அக்கறை உலகத்திலே யாருக்கும் கிடையாது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா இல்லையா என்பதற்காக சிவபெருமானோடு நக்கீரர் சண்டை போட்டார் என்று திருவிளையாடலிலே கதை வைத்திருக்கிறோம். நரை ஏன் வரவில்லை என்று பிசிராந்தையாரைக் கேட்டால், நல்ல மனைவி, நல்ல மக்கள், நல்ல அரசன் என்று புறநானூற்றிலே பட்டியல் போடுகிறார். வள்ளுவர் கூடாவொழுக்கத்திலே முடியை எடுப்பதையும் பேசுகிறார், நீட்டுவதையும் பேசுகிறார். ஊர் பழிக்கிற காரியத்தை நீ விட்டுவிட்டால் இரண்டுமே உனக்குத் தேவையில்லை என்கிறார்.

இன்னொரு சாட்சியும் உண்டு. திருப்பதிப் பெருமாள் தலையிலே அடிபட்டு ஒரு இடத்திலே முடி இல்லாமல் போயிற்று, நீலாதேவி தன் கூந்தலை அறுத்து அந்த இடத்திலே வைத்தாள், அதனாலேதான் அங்கே முடி காணிக்கை என்று ஒரு கதை சொல்வார்கள். எதிரணி நண்பர் துள்ளுகிறார், ‘பார்த்தியா, பெருமாளே மறைச்சிருக்கார்!’ என்று. பெருமாள் மறைக்கலை ஐயா. இன்னைக்கு வரைக்கும் மலைக்கு வருகிற ஒவ்வொரு பக்தனுக்கும் அந்தக் கதை தெரியுது. இதைவிடப் பகிரங்கமா ஒருத்தர் தன் தலையைப் பற்றிச் சொல்ல முடியுமா? (கைதட்டல்) மறைக்கப் பார்த்து மாட்டிக்கொண்டவர் ரோமாபுரி ஜூலியஸ் சீசர். பின்னாலே இருந்த முடியை முன்னாலே இழுத்துச் சீவினார், எந்நேரமும் இலைக் கிரீடம் வைத்தார். இரண்டாயிரம் வருஷமாச்சு. அவர் பிடித்த நாடுகளில் பாதி நமக்கு ஞாபகம் இல்லை. வழுக்கையை மறைத்தார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கு.

சரி, இந்த வழுக்கை என்பது என்ன? நண்பர் ‘வியாதி, வியாதி’ என்று பதினோரு தடவை சொன்னார், எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். தறி ஓட்டுகிற உங்களுக்கு நான் நூல் கணக்கிலேயே சொல்லிவிடுகிறேன். மனுஷன் தலையிலே சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொரு முடியும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும்; இரண்டு வருஷத்திலிருந்து ஆறு வருஷம் வரை வளர்ந்துவிட்டு, மூணு மாசம் போல ஓய்வெடுத்து, உதிர்ந்து, அதே குழியிலே மறுபடி முளைக்கும். தினம் ஐம்பதிலிருந்து நூறு முடி விழுவது கணக்கிலே சேர்ந்தது. குளிக்கிற இடத்திலே நாலு முடியைப் பார்த்து ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை.

ஆண் வழுக்கையிலே நடப்பது வேறே. பாவிலே நூல் அறுந்து போவதில்லீங்க. நூல் நம்பர் மாறுது! இருபதாம் நம்பர் நூல் ஓடின இடத்திலே அடுத்த தடவை நாற்பது, அதுக்கடுத்து அறுபது, அப்புறம் நூறு. நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியிலே கண்ணுக்கே தெரியாத பூனைமுடி ஆகிவிடுகிறது. டெஸ்டோஸ்டீரோன் என்கிற ஆண் சுரப்பு, உடம்புக்குள்ளே டி.எச்.டி. என்று வேறொன்றாக மாறுகிறது. பிறவியிலேயே அதுக்கு இடம் கொடுக்கிற முடிக்குழிகள் நெற்றியிலும் உச்சியிலும் இருந்தால், அவை சுருங்குகின்றன. பின்மண்டைக் குழிகளுக்கு அந்த பயம் கிடையாது. அதனாலேதான் எனக்கும் பின்னாலே கரை மட்டும் பாக்கி இருக்கு. (சிரிப்பு)

1942இல் அமெரிக்காவிலே ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அறிஞர் இதை எழுதிவைத்தார். சின்ன வயசிலேயே விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவர்களுக்கே ஆண் சுரப்பை ஊசியிலே ஏற்றினால், வழுக்கைக் குடும்பத்திலே பிறந்தவருக்கு விழ ஆரம்பிக்கிறது. நிறுத்தினால் மேற்கொண்டு விழுவது நிற்கிறது. ஆக, வழுக்கையைத் தடுக்க உறுதியான வழி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. எதிரணி நண்பர் தயாரா என்று நடுவர் ஐயா கேட்டுச் சொல்லணும். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இதைத் தெரிஞ்சுக்காமத்தான் போர்த்தண்ணி மேலே பழி போடுறோம். ‘ஜலகண்டாபுரத்து உப்புத் தண்ணியிலே குளிச்சுத்தான் போச்சு’ என்கிறோம். உப்புத் தண்ணியிலே முடி சொரசொரப்பாகும், சிக்காகும், உடையும், வேர் வழுக்கையாகாது. அதே தண்ணியிலேதானே உங்க வீட்டு அம்மாவும் குளிக்கிறாங்க? ஹெல்மெட் போட்டதாலே என்று ஒரு கூட்டம். ஹெல்மெட் போடாம விழுந்தா முடி போகாது, தலையே போகும். தாய்மாமன் தலையைப் பார்த்தாத் தெரியும் என்று கிழவிகள் சொல்வார்கள். பாதி உண்மை, அம்மா வழியும் சேர்கிறது, அப்பா வழியும் சேர்கிறது. மாமனை மட்டும் திட்டாதீங்க, மாமன் பாவம்.

எல்லா முடி உதிர்வும் ஒரே சரக்கு கிடையாது, இதைத்தான் இன்னைக்கு முக்கியமாச் சொல்ல வந்தேன். காசு அளவுக்கு வட்டமா விழுந்தால் அது புழுவெட்டு. பேரிலேதான் புழு இருக்கு. தலையிலே எந்தப் புழுவும் இல்லை. உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் சக்தி ஆள் அடையாளம் தெரியாமல் முடி வேரையே தாக்குகிறது. பலருக்குத் தானாகவே திரும்பும். கடுமையாக இருப்பவர்களுக்கு 2022இலே அமெரிக்காவிலே மாத்திரைக்கே அனுமதி கொடுத்துவிட்டார்கள். அடுத்தது காய்ச்சல் உதிர்வு. டெங்கு, டைபாய்டு, பிரசவம், பெரிய ஆபரேஷன் எதுவானாலும், அது நடந்து இரண்டு மூணு மாசம் கழித்துக் கொத்துக் கொத்தாக் கொட்டும். கொரோனாவுக்குப் பிறகு எத்தனை வீட்டிலே பார்த்தோம்! அது பெரும்பாலும் ஆறேழு மாசத்திலே தன்னாலே திரும்பி வரும். இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு என்று காரணம் இருந்தால் அதைச் சரி பண்ணணும்.

என் அக்கா மகன் கதையைச் சொல்றேன். அவன் சம்மதம் வாங்கிட்டுத்தான் சொல்றேன். தறியிலே வேலை, வயசு இருபத்தெட்டு, பெண் தேடிக்கிட்டிருக்கோம். டெங்கு வந்து பிழைத்தான். மூணாம் மாசம் தலை கொட்ட ஆரம்பிச்சது. தரகர் ஒருத்தர் போட்டோவைப் பார்த்து, ‘மாப்பிள்ளை கொஞ்சம் வயசானாப்பல தெரியறாரே’ன்னுட்டார். அவ்வளவுதான். தறிக்காரரிடம் முன்பணம் வாங்கினான், பக்கத்து நகரத்திலே ஒரு மாடிக் கடைக்குப் போனான். என்கிட்டே ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டாலும் என் தலையைப் பார்த்துட்டு என்கிட்டே யார் யோசனை கேட்பான்? (சிரிப்பு)

எதிரணி நண்பர் பெருமையாச் சொன்னாரே, ஸ்கால்ப் மைக்ரோ பிக்மென்டேஷன் என்று, அதுதான். பேர் நீளம், வேலை நம்ம குறத்தியம்மா பச்சை குத்தின வேலைதான். ஊசி சன்னம், மிஷின் புதுசு. 2000த்துக்குப் பிறகு இங்கிலாந்திலே தொழிலாகவே பரவினது. ஆயிரக்கணக்கிலே புள்ளி வைப்பார்கள், இரண்டு மூணு தடவை போகணும். நல்லாக் கேட்டுக்குங்க: அது முடி கிடையாது. நேத்து சவரம் பண்ணின தலை மாதிரி ஒரு தோற்றம். அதனாலே பாக்கி இருக்கிற முடியை ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் பண்ணிக்கிட்டே இருக்கணும். மூணு நாள் விட்டா பின்மண்டை வளர்ந்துடும், முன்மண்டை புள்ளியாவே நிற்கும். மேற்கொண்டு வழுக்கை ஏறினால் புதுப் புள்ளி. மற்ற முடி நரைத்தாலும் புள்ளி நரைக்காது. வெயிலிலே சில வருஷத்திலே மங்கும், மறுபடி குத்தணும். நம்ம மேட்டூர் வெயிலைப் பற்றி நான் சொல்லணுமா?

இதெல்லாம் நல்லாச் செய்தால். சரியாச் செய்யலைன்னா? மை தோலிலே மேலாக நிற்கணும். ஆழமாப் போனால் பரவும், கறுப்பு மை நாளாக நாளாக நீலமாத் தெரியும். ஊசியோ மைக் கிண்ணமோ இன்னொருத்தருக்குத் தொட்டதாக இருந்தால் மஞ்சள்காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. வரைக்கும் வழி இருக்கு. பச்சை குத்தினவரிடம் ஒரு வருஷத்துக்கு ரத்ததானம் வாங்கக்கூடாது என்று நம்ம நாட்டிலே விதி வைத்திருப்பது சும்மா இல்லை. 1970களிலே எம்.ஜி.ஆர். கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னபோது எவ்வளவு சலசலப்பு! அது கையோட போச்சு. இப்போ தலைக்கே வந்திருக்கு.

அக்கா மகனுக்கு நெற்றியிலே ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு போட்டு, அதுக்குப் பின்னாலே புள்ளி வைத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் தலை வீங்கிக் கிடந்தான். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஆறு மாசத்திலே காய்ச்சலுக்குக் கொட்டின முடி அத்தனையும் திரும்பி வந்துடுச்சு! அரசு ஆஸ்பத்திரித் தோல் டாக்டர் பார்த்துட்டு, ‘சும்மா இருந்திருந்தாலே வந்திருக்குமேப்பா’ன்னார். முடி தன் பழைய எல்லையிலே வந்து நிற்குது. அதுக்கு ஒரு விரக்கடை முன்னாலே நீலக் கோடு தனியா நிற்குது. ‘மாமா, நெத்தியிலே கரை போட்டுட்டாங்க மாமா, நாமதான் வேட்டிக்குக் கரை போடுவோம்’னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். முன்பணம் இன்னும் கழியலை. அந்தக் கோட்டை லேசரிலே எடுக்கப் பல தடவை போகணும், குத்தினதைவிடச் செலவு அதிகம்.

நண்பர் மருந்தைப் பற்றிக் கேட்டார். இருக்கு, மறுக்கலை. மினாக்சிடில், ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலே முடி முளைத்ததாலே, 1988இலே தலைக்குத் தடவுகிற மருந்தாக அமெரிக்காவிலே அனுமதி வாங்கினது. ஃபினாஸ்டிரைட் 1997இலே. இரண்டும் பலருக்கு வேலை செய்யும், விட்டால் பலன் போயிடும், பக்க விளைவும் சிலருக்கு உண்டு, டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. அதுக்கு மேலே சொல்ல நான் டாக்டர் இல்லை.

முடி நடுகிற அறுவை சிகிச்சை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2016இலே சென்னையிலே மருத்துவக் கல்லூரிக் கடைசி வருஷ மாணவர் ஒருத்தர், முடி நடப்போய் உயிரை விட்டார். டாக்டராக வேண்டிய பிள்ளை! அவருக்கே தோணியிருக்கு பாருங்க, இந்தத் தலையோட வெளியே போக முடியாதுன்னு. 2022இலே தேசிய மருத்துவ ஆணையம், பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவர்தான் முடி நடணும் என்று நெறிமுறை வெளியிட்டது. ஆறு வருஷம் கழித்து.

எதிரணிச் சகோதரி கண் கலங்கப் பேசினாங்க, புற்றுநோய்க்கு மருந்தேற்றி முடி இழந்த பெண்களைப் பற்றி, தீக்காயத் தழும்பு உள்ளவர்களைப் பற்றி. அவங்களுக்கு முன்னாலே நான் கையெடுத்துக் கும்பிடுறேன். அவங்க டோப்பா வைக்கட்டும், புள்ளி வைக்கட்டும், துணி கட்டட்டும். சென்னையிலே கல்லூரிப் பெண்கள் அதுக்காகத் தங்கள் கூந்தலையே வெட்டிக் கொடுக்கிறாங்களே! அதுக்கு எங்கள் அணி எதிரி கிடையாது. விரும்பித் தெரிஞ்சு செய்கிறவனையும் நான் தடுக்கலை. தரகர் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பயந்து ஓடுகிறவனைத்தான் நிறுத்தப் பார்க்கிறேன்.

சினிமாவே மாறிடுச்சுங்க. ரஜினிகாந்த் திரையிலே எந்தத் தலையோட வந்தாலும், மேடைக்குத் தன் சொந்தத் தலையோட வர்றார். சோ கடைசி வரைக்கும் அந்த மொட்டைத் தலையோடதான் எல்லாரையும் கேலி பண்ணினார். 2009இலே ‘நான் கடவுள்’ படத்திலே வந்த மொட்டை ராஜேந்திரனுக்கு அந்தத் தலைதான் பேரே. கன்னடத்திலே 2017இலே ‘ஒந்து மொட்டெய கதெ’ என்று வழுக்கை விழுந்த ஒரு கல்லூரி ஆசிரியர் பெண் தேடுகிற கதையை எடுத்தார்கள். இந்திக்காரர்கள் அதை வாங்கி எடுத்தார்கள். பெண் தேடுகிற கதை! அங்கேதான் நான் வந்து நிற்கணும்.

ஏனுங்க, நம்ம பையன்களுக்கு இருபத்தாறு வயசிலே தலையைப் பற்றி இவ்வளவு கிலி ஏன்? பொண்ணு கிடைக்கலை. முடி இல்லாததாலே கிடைக்கலைன்னு அவனும் நினைக்கிறான், தரகரும் சொல்றார். நான் ஒரு கணக்கைச் சொல்றேன். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலே, ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளிலே, தமிழ்நாட்டிலே ஆயிரம் ஆணுக்கு 942 பெண். நம்ம சேலம் மாவட்டத்திலே 851. (அமைதி) இயற்கையிலேயே ஆண் பிள்ளை கொஞ்சம் கூடப் பிறக்கும். அதைக் கழித்தாலும் ஆயிரத்துக்கு நூறு பெண் குழந்தை கணக்கிலே காணோம். அந்தக் கணக்கிலே இருந்த பையன்கள்தான் இன்னைக்கு இருபத்தைந்தைத் தாண்டி, முப்பதைத் தொட்டுக்கிட்டு, கண்ணாடி முன்னாலே நின்று நெற்றியைத் தடவிப் பார்க்கிறவர்கள். அவங்களுக்கு ஜோடியா இருந்திருக்க வேண்டியவள் பிறக்கவிடப்படலை, பிறந்தும் இருக்கவிடப்படலை. 1992இலே அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தை இதே சேலத்திலேதான் தொடங்கினது. ஏன் வேறே மாவட்டத்திலே தொடங்கலை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பையன் தலையிலே ஒரு குறையும் இல்லீங்க. பெத்தவங்க பண்ணின காரியத்துக்கு அவன் நெற்றியிலே ஊசி குத்திக்கிறான். நாளைக்குப் பெண் பார்க்கப் போகும்போது அவனைத் தொப்பி போடச் சொல்லாதீங்க, போட்டோவிலே முடி வரைஞ்சு அனுப்பாதீங்க. டோப்பா கழன்று மணமேடையிலே கல்யாணம் நின்றுபோன செய்தி வடநாட்டிலிருந்து வந்துக்கிட்டேதான் இருக்கு. இருக்கிற தலையோட போகட்டும். பிடிச்சா அந்தப் பொண்ணு சரின்னு சொல்லட்டும். இல்லைன்னு சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. 851இலே ஒருத்தியா வந்து சேர்ந்தவ அவ. (நீண்ட கைதட்டல்)

எனக்கு அடுத்து வருகிற எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கிறேன். அந்த நூறு பெண் பிள்ளைகள் இல்லாத இடத்தை எந்த மையிலே புள்ளி வைத்து நிரப்பப் போறீங்க? பதில் சொல்லிட்டு மறைக்கிறதைப் பற்றிப் பேசுங்க. நடுவர் ஐயா மணி மேலே கை வைத்துவிட்டார்.